சாச்சி என்னிடம் சொன்னது

மகன்,

உனக்கு என் ஸலாம். போன வியாழக்கிழமை நீ கத்தாரிலிருந்து என்னோடு கதைத்த பிறகு என் கையும் காலும் ஓடவில்லை. நீ வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு மனிதன் உயரமான தட்டிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தானென்று சொன்னாய். நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி அவனை ஒரு வேனுக்குள் போட்டார்களென்று சொன்னாய். அப்படித் தூக்கக் கூடாதென்று எனக்கே தெரியும், நீதான் சொல்லித் தந்தாய். நீ எங்கே நின்றாயென்று கேட்டேன். "கதவடியில நிண்டன் உம்மா. நான் போகல்ல. நான் போய்ப் பார்த்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே" என்றாய். பிறகு ஒன்றும் நடவாதது போல ஊரில் மழை தொடங்கிவிட்டதா என்று கேட்டாய். தொடங்கிவிட்டது என்று சொன்னேன். நீ ஃபோனை வைத்த பிறகும் நான் அதைக் காதில் வைத்தபடியே இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தது.

என் மாமி மகளின் கல்யாணத்தில் சாப்பாட்டில் கை வைத்த நேரம் வீதியில் சத்தம் கேட்டதென்று எழுந்து ஓடியவன் நீ. புதுச் சட்டையெல்லாம் யாரோ ஒருவனின் இரத்தத்தோடு திரும்பி வந்தாய். ஆட்களுக்கு முன்னால் உன்னை ஏசினேன். நீ சிரித்துக்கொண்டு, "அந்தாள் உசிரோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார் உம்மா" என்று சொல்லிக் கை கழுவப் போனாய். அந்தப் பிள்ளையா கதவடியில் நின்றது? உன்னை அந்தக் கதவடியில் நிறுத்தியது யாரென்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நான் அழத் தொடங்குவேன், நீ "விடுங்க உம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எட்டு மாதமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். நம் தெருவிலிருந்து ஒருவர் செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குப் புறப்படுகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது வாசி.

முதலில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் வாப்பா மவுத்தானபோது உனக்கு நாலு வயது. உன்னை என் தங்கச்சியிடம், உன் சாச்சியிடம் விட்டுவிட்டு நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அவளுக்கும் சாச்சாவுக்கும் பிள்ளை இல்லை. ஐந்து வருடம் அவளே உனக்கு உம்மா. நான் திரும்பி வந்த அன்று நீ அவளுடைய உடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாய். உன்னை முன்னால் இழுத்து, "உம்மாவக் கொஞ்சு மகன்" என்று அவள்தான் சொன்னாள். நீ அவள் சொன்னதற்காக என்னைக் கொஞ்சினாய். அன்றைக்கு எனக்குள் ஒரு முள் ஏறியது. அதற்குப் பிறகும் காய்ச்சல் வந்தால் நீ அவள் வீட்டுக்கே போவாய். பரீட்சை முடிவு வந்தால் அவளுக்கே முதலில் சொல்வாய். அவள் ஒரு நாளும் உன்னை என்னிடமிருந்து பிரிக்கவில்லை, அல்லாஹ் சாட்சி. ஆனாலும் அந்த முள்ளை நான் பிடுங்கவில்லை. உழைக்கப் போன உம்மாவுக்கு இது இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்துக்கொண்டேன். பொறாமை என்ற சரியான பெயரை அதற்கு அப்போதே வைத்திருந்தால் நல்லதாயிருந்திருக்கும்.

நீ விபத்து நேர முதலுதவிப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது அதிலும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்றோம். ஊரான் இரத்தத்தைத் தொட்டு ஏன் பொலிசுக்கும் கோட்டுக்கும் அலையப் போகிறாய் என்று நான் சண்டை பிடித்தேன். சனிக்கிழமை படித்ததை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து பார்க்க உனக்கு ஒரு நோயாளி வேண்டியிருந்தது. நான் மாட்டேன் என்றேன். சாச்சி பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நீ அவளுடைய கழுத்தைப் பிடித்தாய், அகப்பைக் காம்பை வைத்து அவளுடைய கையைக் கட்டினாய். மயங்கிக் கிடக்கச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். மூன்று நிறத் துணி நாடாக்களைக் காட்டி நீ விளங்கப்படுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் காயப்பட்டுக் கிடந்தால், உடனே பார்க்க வேண்டிய ஆளுக்குச் சிவப்பு, கொஞ்சம் தாங்கக்கூடியவருக்கு மஞ்சள், எழுந்து நடக்கக்கூடியவருக்குப் பச்சை. "கத்துற ஆளப் பாத்துப் பயப்படக் கூடா சாச்சி. கத்துறதுக்கு மூச்சு இரிக்கி. சத்தம் போடாத ஆளத்தான் முதல்ல பாக்கணும்" என்றாய். நான் குசினியில் அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டும் விளங்கிக்கொள்ளவில்லை.

விபத்து நடந்த அந்த நாளை நீ உன் பக்கத்திலிருந்து எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்திருப்பாய். நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மக்காவுக்குப் போய் உம்றா செய்துவிட்டு வந்த மாமியைச் சம்மாந்துறையில் பார்க்க நானும் சாச்சியும் வாடகை வேனில் போனோம். பின்னேரம் உனக்குப் பயிற்சி இருந்தபடியால் நீ முதலுதவிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தாய். காரைதீவுச் சந்தியில் திரும்பி வயல்வெளிக்கு வந்த நேரம் காலை பத்து மணி தாண்டியிருக்கும். பெரும்போக அறுவடைக் காலம். வீதியின் ஒரு பக்கம் நீளத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே நெல் மூடைகளை ஏற்றிய உழவு இயந்திரம் வந்தது. எங்கள் சாரதி ஒதுக்கினார். சில்லு நெல்லில் ஏறிச் சறுக்கியது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு பெரிய சத்தமும் வானமும்தான் தெரிந்தன. சாச்சி கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. அது என்ன கேள்வி என்று இன்றைக்கும் எனக்கு நினைவு வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது வேன் பக்கவாட்டில் கிடந்தது. பின் கண்ணாடி உடைந்திருந்த வழியால் சாச்சி முதலில் வெளியே போனாள். பிறகு என் கக்கத்தில் கை கொடுத்து என்னையும் இழுத்து எடுத்தாள். நினைத்துப் பார், வயிற்றுக்குள் கிழிந்துபோயிருந்தவள் என்னை இழுத்து எடுத்தாள். என் நெற்றித் தோல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. சாரதி ஆசனத்தில் கால் மாட்டிக் கிடந்தார், தொடையிலிருந்து இரத்தம் பாய்ந்தது. வேன் இடித்ததில் உழவு இயந்திரத்தின் மூடைகளுக்கு மேலிருந்து விழுந்த மனிதன் வீதியில் மல்லாந்து கிடந்தான், குறட்டை விடுவது போல ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்துகொண்டிருந்தது. உழவு இயந்திரம் ஓட்டி வந்தவர் தலையில் கை வைத்தபடி வரம்பில் குந்தியிருந்தார். அந்த நேரம் உன்னுடைய மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. என் மகன் வந்துவிட்டான், என்னைத் தூக்குவான் என்று நினைத்தேன்.

நீ கையுறையைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து என்னைப் பார்த்தாய். ஒரு துணியை என் நெற்றியில் வைத்து, என் கையை எடுத்து அதன் மேல் வைத்து, "இத நல்லா அமத்திப் புடிங்க உம்மா, எடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு எழும்பினாய். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இரத்தத்தில் குளித்துக்கொண்டு இருக்கிற உம்மாவை விட்டுவிட்டு நீ போகிறாய். போகும்போதே சாச்சியிடம் நடக்க ஏலுமா, எங்கேயும் வலிக்கிறதா என்று கேட்டாய். "எனக்கு ஒண்டுமில்ல மகன், நீ அவங்களப் பாரு" என்றாள். அவளுடைய மணிக்கட்டில் பச்சை நாடாவைக் கட்டினாய். என் கையிலும் கட்டினாய். பிறகு முகம் தெரியாத அந்த மனிதனின் தலைமாட்டில் முழங்காலிட்டு அவனுடைய தாடையைத் தூக்கிப் பிடித்தாய். குறட்டைச் சத்தம் நின்றது. ஓடி வந்த வயல்காரர் ஒருவருக்கு அவன் தலையை எப்படிப் பிடிப்பதென்று காட்டிக் கொடுத்துவிட்டுச் சாரதியின் தொடைக்குப் போனாய். நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் கத்தக் கத்த உனக்கு ஆறுதலாயிருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. உம்மாவுக்கு மூச்சு இருக்கிறது என்று அறிந்துகொண்டு நீ வேலை செய்திருக்கிறாய். அப்போது எனக்கு எரிச்சல் மட்டும்தான் வந்தது.

சாச்சி என் பக்கத்தில் புல்லில் வந்து குந்தினாள். தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுடைய முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள். "ராத்தா, இடது தோள்மூட்டு உளையுது. வயிறு இறுகிப்போய்க் கிடக்கு. அவனிட்டச் சொல்லட்டா?"

மகன், நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. "கொஞ்சம் பொறு. அவன் முதல்ல என்னப் பாக்கட்டும்" என்றேன்.

அவள் "ஓம் ராத்தா" என்றாள். தண்ணீர் கேட்டாள். யாரோ கொண்டு வந்த போத்தலிலிருந்து இரண்டு மிடறு கொடுத்தேன். ஆட்கள் என்னைச் சுற்றிக் கூடினார்கள், அவள் எழும்பித் தள்ளிப் போய் மறுபடி வந்து குந்தினாள். அப்போது நீ திரும்பி வந்தாய். அம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது, உனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது, நீ அதை எங்களுக்காக எடுத்துக்கொண்டு வந்தாய். முதலில் அவள் பக்கம்தான் குனிந்தாய். "சாச்சி, இப்ப எப்படி? தலை சுத்துதா?" என்று கேட்டாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சொல்வேனா என்று பார்த்தாள். நான் உன் கையை எட்டிப் பிடித்து, "என்ட தலையப் பாரு மகன், எனக்கு மயக்கம் வருது" என்றேன். மயக்கம் வரவில்லை. அது பொய். அவள் உன்னிடம் "எனக்கு ஒண்டுமில்ல மகன்" என்றாள். நீ என் பக்கம் திரும்பினாய். எனக்குக் கட்டுப் போட்டாய். உன் கை என் தலையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். என் தங்கச்சி எனக்கு ஒரு முழம் தள்ளி உள்ளுக்குள் இரத்தம் ஓடி ஓடிச் செத்துக்கொண்டிருந்தாள். என் மகன் கடைசியில் என்னிடம் வந்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அம்புலன்ஸில் சாரதியும் அந்த மனிதனும் போனார்கள். நீ அவர்களோடு ஏறினாய், ஏறாமல் இருக்க முடியாது. எங்களை ஒரு முச்சக்கரவண்டியில் அனுப்பினாய். கல்முனைக்கு வரும் வழியில் அவள் என் தோளில் சாய்ந்தாள். "குளிருது ராத்தா" என்றாள். அந்த வெயிலில் குளிருது என்றாள். நான் என் ஷோலை எடுத்துப் போர்த்திவிட்டேன். களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில், "இறங்கு தங்கச்சி" என்று உலுக்கினேன். அவளுடைய தலை என் தோளிலிருந்து வழுகி மடிக்கு வந்தது. வண்டிக்காரர் இறங்கி ஓடினார். அவளை ஒரு தள்ளுகட்டிலில் போட்டுக்கொண்டு போனார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது. நீ அப்போதும் சாரதியின் பக்கத்தில் இருந்தாய். யாரோ உன்னிடம் சொல்ல, நீ கையுறையோடு விறாந்தையில் வந்து நின்றாய். உன்னுடைய முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. மண்ணீரல் கிழிந்திருக்கிறது, வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். நேரத்தோடு தெரிந்திருந்தால் சில வேளை பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தச் சில வேளை என்ற சொல்லை நீ கேட்கவில்லை. மிச்சத்தை மட்டும் கேட்டாய்.

ஜனாஸா எடுத்து அடக்கிய பிறகு, ஆட்கள் எல்லாம் இருக்க, நீ சாச்சாவின் முன்னால் போய், "நான்தான் பச்ச கட்டினன்" என்றாய். சாச்சா உன் தலையில் கை வைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அப்போதாவது நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். என் மகனும் என்னை வெறுத்துவிட்டால் எனக்கு யார் என்ற பயம் என்னை எழும்ப விடவில்லை. அதற்குப் பிறகு நீ பயிற்சிக்குப் போகவில்லை. பையை அலுமாரிக்கு மேல் போட்டாய். அந்த வீதியால் போகவே மாட்டேன் என்றாய். கத்தார் வேலைக்கு விண்ணப்பித்தாய். விமான நிலையத்தில் உன்னை அணைத்துக்கொண்டு நின்றபோதும் நான் சொல்லவில்லை. உன் பயணம் நல்லபடியாக அமைய துஆச் செய்தேன். உன்னைத் துரத்துவதே நான்தான் என்று தெரிந்துகொண்டும் துஆச் செய்தேன்.

நீ போய் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பையை உங்கள் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம், யாருக்காவது பயன்படட்டும் என்று எடுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூட மண்டபத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படிப்பிக்கிற தாதி, பாண்டிருப்புப் பக்கத்து மிஸ் ஒருவர், முடியும் வரை இருக்கச் சொன்னார். பின் வாங்கில் இருந்தேன். வயிற்றில் அடிபட்டவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு கீறலும் இருக்காது, எழுந்து நடப்பார்கள், கதைப்பார்கள் என்றார். முகம் வெளுக்கும், வேர்க்கும், தாகம் எடுக்கும், குளிரும் என்றார். பிறகு, மண்ணீரலில் இரத்தம் கசிந்தால் இடது தோள்மூட்டு வலிக்கலாம், தோளில் அடியே பட்டிருக்காது, ஆனாலும் அந்த வலி வரும், அதைச் சொன்னால் சும்மா விடாதீர்கள் என்றார். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். அவள் என் காதுக்குள் சொன்ன அதே சொற்களை ஒரு அந்நியப் பெண் வெண்பலகைக்கு முன்னால் நின்று சொல்கிறாள். நான் எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயடியில் குந்திவிட்டேன்.

மிஸ் பின்னால் வந்தார். அவரிடம்தான் முதன்முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. மகன் அவவிடம் கேட்டாரா என்றார். கேட்டான் என்றேன். எத்தனை தரம் என்றார். இரண்டு தரம் என்றேன். பிறகு சொன்னார், "அவர் கேட்டதோட நிக்காம நாடியையும் வயித்தையும் தொட்டுப் பாத்திருக்க வேணும். அது அவர்ட பிழை, அத அவர் படிக்கலாம். நீங்க சொல்லாம விட்டத அவர் எந்த வகுப்பிலயும் படிக்க ஏலாது." சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். தெரியாது என்றார். முதல் அம்புலன்ஸில் போயிருந்தாலும் காப்பாற்ற முடியாமல் போயிருக்கலாம், முடிந்தும் இருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். பையைக் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, இது ஆள் வரும் வரை இங்கே இருக்கும் என்றார். அடுத்த சனிக்கிழமையும் நான் போனேன். அதற்கடுத்த கிழமையும் போனேன். எனக்கு இந்த வயதில் முழங்காலில் இருக்கக் கஷ்டம், பிள்ளைகள் கை தந்து எழுப்பிவிடுகிறார்கள். பரிகாரம் என்று நினைத்துப் போகவில்லை. அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் மவுத்தாகக் கூடாது என்றுதான் போகிறேன்.

அப்படியிருந்தும் உனக்குச் சொல்லவில்லை. நீ கதவடியில் நின்றதைச் சொன்ன பிறகுதான் இனிப் பொறுக்க முடியாது என்று ஆனது. உனக்கு எழுத முதல் சாச்சாவிடம் சொல்ல வேண்டும், அவருடைய மனைவியல்லவா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கல்முனை பஸாரிலுள்ள அவருடைய சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன். என்னை அடிப்பார், கடையிலிருந்து துரத்துவார், ஊருக்கெல்லாம் சொல்வார், எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் போனேன். நின்றபடியே சொன்னேன். தோள்மூட்டு, வயிறு, நான் பொறு என்றது, மயக்கம் வருகிறது என்று பொய் சொன்னது, ஒன்றும் விடவில்லை. அவர் சங்கிலியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டார். கடையில் நின்ற ஆளை அனுப்பிவிட்டு, பலகைக் கதவில் பாதியைச் சாத்தினார்.

"எனக்கும் சொன்னா மச்சி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்டேன். என்னைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்த நேரம் அவள் கொஞ்சம் தள்ளிப் போய் அவருக்கு ஃபோன் எடுத்திருக்கிறாள். விபத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். வயிறு என்னவோ செய்கிறது, ராத்தா பொறுக்கச் சொல்கிறா, பொடியனிடம் சொல்லவா விடவா என்று அவரிடமும் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார். "நீ நடந்து திரியிறாய், ஆக்கள் சாகக் கிடக்கிறாங்க. அவனக் கரச்சல்படுத்தாத, நான் வாறன் எண்டன்." அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நீ அவர் முன்னால் நின்று பச்சை கட்டினேன் என்று சொன்ன அன்று அவர் உன் தலையில் கை வைத்தது ஆறுதல் சொல்ல அல்லவாம். நிற்க முடியாமல் பிடித்துக்கொண்டாராம்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடைக்குள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் எழும்பினோம். எனக்கு இன்னும் அந்தத் திகைப்பு நீங்கவில்லை. அவள் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள், சொல்லட்டா என்று. இரண்டு பேரும் பொறு என்றோம். வலித்ததைக் கேட்ட இரண்டு பேரும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு ஊரில் இருந்தோம். ஒன்றும் கேள்விப்படாத நீ குற்றத்தைச் சுமந்துகொண்டு கடல் தாண்டிப் போனாய்.

நீ பிழையே செய்யவில்லை என்று சொல்லி உன்னைக் குழந்தையாக்க நான் விரும்பவில்லை. மிஸ் சொன்னதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அடுத்த தரம் ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால், சொல்கிற வாயை மட்டும் நம்பாதே. கையைப் பிடித்து நாடியைப் பார், வயிற்றைத் தொட்டுப் பார். பக்கத்தில் இருக்கிறவரையும் கேள், அவர் உன் உம்மாவாக இருந்தாலும் விடாதே. எங்களைப் போன்ற பெண்கள் வலியைச் சொல்ல உத்தரவு கேட்டுப் பழகியவர்கள். குவைத்தில் என் கை வெந்தபோது நானும் ஃபோனில் உனக்குச் சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அடுத்த தரம் என்று ஒன்று இருக்க வேண்டும். உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். அந்தச் சாரதி நடக்கிறார். மூடையிலிருந்து விழுந்த மனிதனின் மனைவி, சொறிக்கல்முனையிலிருந்து, புதிருக்கென்று புது நெல் அரிசி கொண்டு வந்து உன்னைத் தேடினா. நீ போய்விட்டாய் என்றேன். அவ நம்பாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

களஞ்சியத்தில் விழுந்தவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விசாரித்துப் போய்ப் பார். காலை அசைக்க முடிகிறதா என்று கேள். அங்கே முதலுதவி தெரிந்த ஆள் வேண்டுமா என்று உன் மேற்பார்வையாளரிடம் கேள். என்னோடு கதைக்க வேண்டுமென்று நான் உன்னை வற்புறுத்த மாட்டேன். ஒரு வருடம் கதைக்காமல் இருந்தாலும் அது எனக்குரியது, வாங்கிக்கொள்வேன். என்னை மன்னிப்பதா என்பதை நீ ஆறுதலாக யோசி. அந்த மனிதனைப் பார்ப்பதை மட்டும் நாளைக்குத் தள்ளிப் போடாதே.

இதை முடித்துவிட்டுச் சாச்சாவிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தேன். தானும் எழுத வேண்டும் என்று பேனையை வாங்கினார். அவருடைய எழுத்து உனக்குத் தெரியும்.

உன் உம்மா

மகன், அவ எனக்குச் சொன்னா. நான் பொறு எண்டன். நீ கேட்டாய், நாங்க சொல்லல்ல. இத உன்ட முகத்துக்கு முன்னால சொல்ல வேணும் எண்டுதான் பாஸ்போட்டுக்குக் குடுத்திரிக்கன். வந்தா கதவத் திற. — சாச்சா